பருத்திக்கு மெபிக்குவாட்: ஒரு பட்டம் முழுக்க அடித்துப் பார்த்தவன் சொல்கிறேன்

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். அரை நட்சத்திரத்தைக் குறைத்தது பாட்டிலோடு வந்த நோட்டீஸில் இருக்கும் ஒரு வரிக்காக. மீதி ஒன்றை எதற்குக் குறைத்தேன் என்பது கீழே வருகிறது, அது கொஞ்சம் வயிற்றெரிச்சல் கதை.

கம்பெனி பேர் சொல்லப் போவதில்லை, சொல்லியும் பிரயோஜனமில்லை. இதே சரக்கை ஆளுக்கொரு பேரில் விற்கிறார்கள், உள்ளே இருப்பது ஒன்றுதான்: மெபிக்குவாட் குளோரைடு, 5 சதம். நம் பக்கம் கடையில் போய் "பருத்தி ஏறாம நிறுத்தற மருந்து குடுங்க" என்றால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான். பாடப்புத்தகத்தில் இதற்கு வளர்ச்சி ஒடுக்கி என்று பேர். நான் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் நடத்துகிறவன், சனி ஞாயிறு அன்னூர்ப் பக்கம் அப்பாவின் தோட்டத்தைப் பார்த்துக் கொள்கிறவன். அதனால் இந்த விமர்சனம் பாதி விவசாயி எழுதியது, பாதி வாத்தியார் எழுதியது, அறுவையாக இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

முதலில், இது எனக்கு ஏன் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு ஏக்கர் செம்மண், ஆவணியில் விதைத்த பருத்தி. முன்பெல்லாம் எங்கள் தோட்டத்தில் பருத்தி இடுப்புக்கு மேல் வந்ததே கிடையாது, தண்ணீர் அவ்வளவுதான். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் திறந்தபிறகு எங்கள் ஊர்க் குளத்தில் தண்ணீர் நிற்கிறது, கிணறும் கொஞ்சம் ஊறுகிறது. காய்ந்து கிடந்தவனுக்குத் தண்ணீர் கிடைத்தால் என்ன செய்வான், நானும் பாய்ச்சினேன். யூரியாவும் தாராளமாகப் போட்டேன், ஒரு 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும்போது கை நிற்காது. அப்புறம் ஐப்பசி மழை, வாரக்கணக்கில் மூட்டம். செடி கொழுத்துப் போய் மார்பளவுக்கு வந்துவிட்டது, வரிசைக்கு நடுவே நடந்தால் இலை முகத்தில் அடிக்கிறது, கீழே பார்த்தால் இருட்டு, சப்பை, அதாவது பூ மொட்டு, உதிர்ந்து கிடக்கிறது. பருத்தி இயல்பிலேயே பல வருடம் வாழ்கிற செடி, அதை நாம் ஆறு மாதத்தில் முடிக்கிறோம். பூக்கிற காலத்திலும் அது மேலே ஏறுவதை விடாது, தண்ணீரும் தழைச்சத்தும் கிடைத்தால் காயை மறந்துவிட்டு ஏறிக்கொண்டே இருக்கும்.

மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வாத்தியாரே, இத அடிங்க, ஒரே வாரத்துல எலை கருகருன்னு ஆயிரும். ஒளிச்சேர்க்கை டபுள் ஆகும்னு கம்பெனிக்காரங்களே மீட்டிங்ல சொன்னாங்க." நோட்டீஸிலும் அதே மாதிரி ஒரு வரி. டபுள் என்று இல்லை, "ஒளிச்சேர்க்கையைப் பெருக்கி மகசூலைக் கூட்டும்" என்று.

சரி, இலை கருகருவென்று ஆனதா? ஆனது. அடித்த பத்தாம் நாளே தெரிந்தது, யாரும் காட்டித் தர வேண்டியதில்லை. லிட்டருக்கு ஒரு மில்லி, பத்து லிட்டர் டேங்குக்குப் பத்து மில்லி, பாட்டில் மூடியில் ஒரு மூடி. முதல் பூ விரிந்த சமயம் முதல் தெளிப்பு. நான்கு வரிசையை மருந்து படாமல் விட்டு வைத்தேன், ஒப்பிட்டுப் பார்க்க. விட்ட வரிசையில் கணுவுக்குக் கணு நான்கு விரல் இடைவெளி, அடித்ததில் புதிதாக வந்த கணுக்களுக்கு இரண்டரை விரல். இலை சின்னது, தடித்தது, தொட்டால் தோல் மாதிரி இருந்தது.

ஆனால் கறுப்பதும் ஒளிச்சேர்க்கை கூடுவதும் ஒன்றா? நோட்டீஸோடு எனக்குத் தகராறு இந்த இடத்தில்தான்.

செடியை உயர்த்துவது ஜிப்ரலின் என்கிற ஹார்மோன். ஜப்பானில் நெல் நாற்று கிறுக்குப் பிடித்த மாதிரி ஒல்லியாக உயர்ந்து சாய்கிற ஒரு நோய் இருந்தது, அது ஒரு பூஞ்சாணம் கசியவிடும் பொருளால் வருகிறது என்று 1926-ல் குரோசாவா என்பவர் காட்டினார், 1935-ல் யபுடா அந்தப் பொருளுக்கு ஜிப்ரலின் என்று பேர் வைத்தார். செடியே இதைத் தனக்குள் செய்துகொள்கிறது என்பது பிறகு தெரிந்தது. அதைச் செய்யத் தொடங்கும் இடம் பசுங்கணிகம் (செல்லுக்குள் பச்சையம் இருக்கிற சின்ன உறுப்பு) மாதிரியான கணிகங்கள். இலையில் சர்க்கரை சமைக்கிற அதே அடுப்படியில்தான் செடியை நீட்டுகிற மருந்துக்கும் முதல் கொதி வைக்கிறார்கள் என்று வகுப்பில் சொல்வேன். மெபிக்குவாட்டும் அதன் அண்ணன் குளோர்மெக்குவாட்டும் அந்த முதல் கொதியையே நிறுத்திவிடுகின்றன. மாந்தோப்புக்காரர்கள் ஊற்றுகிற பாக்லோபியூட்ரசால் அதற்குப் பின்னால் வருகிற ஒரு படியில், பசுங்கணிகத்தின் வெளியுறையை ஒட்டி நடக்கிற வேலையில் கை வைக்கிறது. குளோர்மெக்குவாட் செடியைக் குட்டையாக்கும் என்று 1960-ல் எழுதியவர் மிச்சிகனில் இருந்த டால்பர்ட். ஒளிச்சுவாசப் பாடம் (வெளிச்சத்தில் இலை ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடை விடுவது) நடத்தும்போது நான் சொல்கிற அதே டால்பர்ட்தான், இரண்டிலும் கை வைத்த மனிதர்.

இப்போது கடைக்காரர் வாதத்துக்கு ஆதரவாக ஒரு கதை சொல்வார்கள், நானும் சில வருடம் நம்பினேன். ஜிப்ரலினுக்கு எடுக்கும் மூலப்பொருளை வைத்துத்தான் செடி கரோட்டினும் செய்கிறது, பச்சையத்தின் வாலும் அதிலிருந்துதான் வருகிறது. ஒரு வாய்க்காலில் மூன்று மடை மாதிரி. ஜிப்ரலின் மடையை அடைத்தால் தண்ணீர் மற்ற இரண்டுக்கும் போகும், அதனால் பச்சையம் கூடுகிறது என்பது கதை. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால் உதைக்கிறது: ஒரு கிராம் இலையில் பச்சையம் மில்லிகிராம் கணக்கில் இருக்கும், ஜிப்ரலின் நானோகிராம் கணக்கில். ஒரு மில்லிகிராம் என்பது பத்து லட்சம் நானோகிராம். அகலமான வாய்க்காலில் எறும்புப் பொந்து வழியே கசிகிற தண்ணீரை அடைத்து விட்டுக் கடைமடைக்குத் தண்ணீர் கூடிவிட்டது என்று சொன்னால் எங்கள் அம்மா கூட நம்ப மாட்டார்.

இலை கறுப்பதற்கு முக்கியக் காரணம் இதைவிட எளிமையானது. செல் நீளவில்லை, விரியவில்லை. பெரிய இலையில் பரவி இருக்க வேண்டிய பசுங்கணிகங்கள் சின்ன, தடித்த இலைக்குள் நெருக்கி உட்கார்ந்திருக்கின்றன. சந்தை நாளில் அன்னூர் மினி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், கூட்டம் ஊரில் கூடிவிட்டதா, பஸ் சின்னதா?

இதைச் சும்மா சொல்லவில்லை, லேபில் ஒரு சின்ன வேலை செய்து பார்த்தேன். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் காட்டுகிற சோதனைதான். பேப்பரில் ஓட்டை போடுகிற பஞ்சிங் மெஷினை வைத்து அடித்த இலையிலிருந்து பத்து வட்டு, அடிக்காத இலையிலிருந்து பத்து வட்டு. ஆப்ப சோடா கலந்த தண்ணீர், பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு சொட்டு. ஊசி இல்லாத சிரிஞ்சுக்குள் வட்டுகளையும் தண்ணீரையும் போட்டு முனையை விரலால் அடைத்துப் பிடித்து இழுத்தால் இலைக்குள் இருக்கிற காற்று வெளியே வந்துவிடும், விட்டால் வட்டு கல் மாதிரி முங்கும். டம்ளரில் ஊற்றி பல்புக்கு அடியில் வைத்துவிட்டு வாட்சைப் பார்க்க வேண்டியதுதான். ஒளிச்சேர்க்கை நடந்து ஆக்சிஜன் உள்ளே சேரச் சேர ஒவ்வொரு வட்டாக எழுந்து மிதக்கும், பார்க்கவே அழகாக இருக்கும். பத்தில் ஐந்து மிதக்க, அடித்த இலைக்கு ஒன்பதரை நிமிடம், அடிக்காத இலைக்கு 12 நிமிடம்.

அட, கடைக்காரர் சொன்னது நிஜம்தானே என்று தோன்றியது. அப்புறம் அதே இரண்டு இலைகளையும் கிராப் தாளில் வைத்து ஓரம் வரைந்து கட்டம் எண்ணினேன். அடிக்காதது 138 சதுர சென்டிமீட்டர், அடித்தது 108. வட்டுக்கு வட்டு வேகம் கூடியதையும் இலை சுருங்கியதையும் பெருக்கிப் பார்த்தால், ஒரு முழு இலை செய்கிற வேலை கிட்டத்தட்ட சமம். இரண்டு இலையை வைத்துச் செய்தது ஆராய்ச்சி இல்லை, தெரியும். தடித்த இலையில் வட்டும் கனம், அதுவும் கணக்கைக் குழப்பும். ஆனால் இது எனக்குத் தெரிந்த விஷயத்தோடு ஒத்துப் போகிறது: சதுர சென்டிமீட்டருக்கு ஒளிச்சேர்க்கை கூடுவது உண்டு, செடிக்கு மொத்த இலைப்பரப்பு குறைவதும் உண்டு. நோட்டீஸ் முதலாவதை மட்டும் சொல்கிறது. அரை நட்சத்திரம் போனது அதற்குத்தான்.

அப்படியானால் மருந்து வீணா? இல்லை. வேலை செய்கிறது, நோட்டீஸ் சொல்கிற வழியில் செய்யவில்லை, அவ்வளவுதான்.

பருத்தியில் ஒரு காய்க்குச் சோறு போடுவது பெரும்பாலும் அதை ஒட்டி இருக்கிற இலை. கீழ்க்கிளைக் காய்க்குக் கீழ் இலைதான் அம்மா. மேலே குடை பிடித்த மாதிரி தழை மூடிவிட்டால் கீழ் இலைக்கு வெளிச்சம் இல்லை, பசுங்கணிகம் இருந்தும் சமைக்க விறகு இல்லை. அந்த இலை சுவாசத்தில் செலவழிக்கிற சர்க்கரையே அது செய்கிற சர்க்கரையைவிடக் கூடிவிடும், அதாவது வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள். மருந்து அடித்தபிறகு கார்த்திகை முதல் வாரத்தில் காலை பத்து மணிக்கு வரிசைக்கு நடுவே குனிந்து பார்த்தேன், மண்ணில் காசு காசாக வெயில் விழுந்திருந்தது. அடிக்காத நான்கு வரிசையில் மண் இன்னமும் ஈரமாக, இருட்டாகக் கிடந்தது, அடியில் இரண்டு காய் அழுகியும் இருந்தது. இன்னொன்று, நுனி ஏறுவதற்குப் போகிற சர்க்கரை இப்போது காய்க்குப் போகிறது. சமையல் கூடவில்லை, பந்தி மாறியிருக்கிறது. முதல் எடுப்பிலேயே அடிக்காய் நன்றாக வெடித்து வந்தது, எடுத்த பெண்களும் "இந்த வருசம் கையி எட்டுதுங்க, மூஞ்சில அடிக்கல" என்றார்கள். பூச்சி மருந்து அடித்தாலும் கீழ் இலை வரை போய்ச் சேர்ந்தது. என்னைக் கேட்டால் நோட்டீஸில் முதல் வரியாக இதைத்தான் போட வேண்டும், ஆனால் "கூலிக்காரங்க திட்ட மாட்டாங்க" என்று யார் அச்சடிப்பார்கள்.

இப்போது அந்த ஒரு நட்சத்திரக் கதை.

இரண்டாவது தெளிப்புக்குப் பாட்டில் பற்றவில்லை. சனிக்கிழமை, மழை லீவை ஈடுகட்டப் பள்ளி வைத்திருந்தார்கள், நான் போக முடியவில்லை. மாமன் மகனை அனுப்பினேன். "மாப்ள, அதே மருந்து ஒண்ணு வாங்கி அதே அளவு ஊத்து, ஒரு மூடி" என்று போனில் சொன்னது நான்தான், அதை மறைக்கவில்லை. வேறு ஒரு கடைக்குப் போயிருக்கிறான். மெபிக்குவாட் இல்லை, "இதும் அதே வேலைதான் செய்யுந் தம்பி, கொஞ்சம் ஸ்ட்ராங்கு" என்று குளோர்மெக்குவாட் 50 சதம் கொடுத்திருக்கிறார்கள். அதே வேலை என்பது பொய்யில்லை. ஆனால் 5 சதம் என்றால் லிட்டருக்கு 50 கிராம், அதில் ஒரு மில்லியை ஒரு லிட்டரில் கலந்தால் 50 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு. 50 சதத்தில் அதே ஒரு மில்லி என்றால் 500 பிபிஎம். பத்து லிட்டர் டேங்குக்கு ஒரு மில்லி போட்டிருந்தால் அளவு சரியாக வந்திருக்கும், ஊற்றியது ஒரு மூடி. பாட்டிலும் அதே வெள்ளை, அதே உயரம், அதே மூடி. சதவீதம் பின்பக்கத்தில், கடுகு எழுத்தில். இரண்டு டேங்க் முடிந்து மூன்றாவது கலக்கும்போது நான் போய்ச் சேர்ந்தேன், வாசனை வேறாக இருந்ததால் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன்.

கிழக்கோரம் ஆறு வரிசை. ஒரு வாரத்தில் கொழுந்து இலைகளின் ஓரம் மஞ்சளாக ஆரம்பித்தது, அளவு மீறினால் குளோர்மெக்குவாட் காட்டுகிற அடையாளம் அது. கருப்பச்சைக்கு அடிக்கிற மருந்து பச்சையையே எடுத்துவிட்டது. கணு மேல் கணு உட்கார்ந்து நுனியில் இலையெல்லாம் வெற்றிலைக் கவுளி மாதிரி ஒன்றின்மேல் ஒன்று. அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, ஆரோ தலைல கைய வெச்சு அமுக்குனாப்புல நிக்குது?" என்றார். அதைவிடச் சரியாக எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதவில்லை.

அந்த வரிசையிலிருந்து விடியற்காலையில், வெயில் படும் முன்னால், மஞ்சள் படாத இலை ஒன்றைப் பறித்து, நல்ல வரிசையிலிருந்தும் ஒன்றைப் பறித்து, லேபில் ஸ்பிரிட்டில் வெளுக்க வைத்து அயோடின் விட்டேன். ஸ்பிரிட்டை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான். நல்ல இலை தவிட்டு நிறம், பகலில் சேர்த்த மாவுச்சத்தை ராத்திரியே காய்க்கு அனுப்பிவிட்டது. அமுங்கிய செடியின் இலை விடிகாலையிலும் கருநீலம். மாவுச்சத்து பசுங்கணிகத்துக்குள்ளேயே தேங்கிக் கிடக்கிறது, வாங்கிக்கொள்ள நுனியும் இல்லை, புதுக் காயும் இல்லை. குடோன் நிரம்பினால் மில்லை நிறுத்துவார்கள் இல்லையா, இலையும் அப்படித்தான், சர்க்கரை நகராவிட்டால் ஒளிச்சேர்க்கையும் மந்தமாகிவிடும் என்பது தெரிந்த விஷயம். இங்கே அதுதான் நடந்தது என்று நினைக்கிறேன்.

அந்தக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "அளவு பாத்து ஊத்தோணும்ங்க சார்" என்றார். தப்பில்லைதான். ஆனால் பத்து மடங்கு வீரியம் உள்ள பாட்டிலை அதே மாதிரி மூடியோடு விற்பவர்கள், முன்பக்கத்தில் 50 என்று கட்டை விரல் அளவில் போடக் கூடாதா? அந்த ஒரு நட்சத்திரம் அங்கே போனது. மூடிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, இப்போது மகளுடைய இருமல் மருந்து அளவுக் கோப்பை ஒன்றைக் கழுவி, இதற்கென்றே ஒதுக்கி, சிவப்புப் பெயிண்ட் அடித்துச் சாளையில் எரவானத்தில் சொருகி வைத்திருக்கிறேன்.

யார் வாங்கலாம் என்று கேட்பீர்கள். தண்ணீர் இருந்து, தழை கொழுத்து, செடி மார்புக்கு ஏறுகிறது என்றால் வாங்குங்கள். மானாவாரிக் காட்டில், வாடி நிற்கிற செடிக்கு, மஞ்சள் பூத்த செடிக்குக் கறுக்கட்டும் என்று அடிக்காதீர்கள், ஏற்கெனவே இலைப்பரப்பு போதாத செடியின் இலையை இன்னும் சுருக்குவதில் என்ன இருக்கிறது. அடித்தபிறகு இலை நிறத்தைப் பார்த்து உரம் போடுகிற பழக்கத்தையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். நான் கறுப்பைப் பார்த்துத் தழைச்சத்து நிறைய இருக்கிறது என்று கடைசி மேலுரத்தைத் தள்ளிப்போட்டேன், தை மாதம் அடியிலைகள் வெளுத்து உதிர்ந்தபோதுதான் அந்தக் கறுப்பு உரத்தால் வந்ததில்லை, நெருக்கத்தால் வந்தது என்று உறைத்தது. பாடம் நடத்துகிறவனுக்கே இந்தக் கதி.

பாக்லோபியூட்ரசாலைப் பருத்திக்கு ஊற்றலாமா என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கேட்டார். அது மண்ணில் நெடுநாள் நிற்கும். பருத்தி முடிந்து நான் அதே பாத்தியில் சின்ன வெங்காயம் வைக்கிறவன், வேண்டாம் என்றேன்.

அப்புறம் அம்மாவின் வழி. அப்பாரு காலத்தில் இதற்கெல்லாம் பாட்டில் கிடையாது, எழுபது எண்பது நாளில் நுனியைக் கிள்ளிவிடுவார்கள். மருந்து அடிக்காமல் இதற்கென்று விட்ட மேற்கோரம் பத்து வரிசையை அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் அப்படித்தான் கிள்ளினார்கள், பேசிக்கொண்டே ஒரு காலை வேளையில் முடித்துவிட்டார்கள். கிள்ளிய செடி பக்கக் கிளை கொஞ்சம் விட்டது, கணு குட்டையாகவில்லை, இலை கறுக்கவில்லை, கீழே வெயில் மருந்தடித்த பக்கம் அளவுக்கு விழவில்லை. ஆனால் எடுப்பில் எடை போட்டபோது வரிசைக்கு வரிசை பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவனுக்கு மூன்று பேர் கூலி, ஒரு பாட்டில் விலை, எது மிச்சம் என்பது அந்தந்த வருடம் ஆள் கிடைப்பதைப் பொறுத்தது. அடுத்த ஆவணியில் ஒரு தெளிப்பு மெபிக்குவாட், முதல் பூவில், அப்புறம் தேவைப்பட்டால் கிள்ளல் என்று இருக்கிறேன், யூரியாவில் ஒரு மூட்டை குறைத்துவிட்டு.

கிழக்கோரத்து ஆறு வரிசையில் கடைசி வரை எடுத்தது அரைச் சாக்குகூட இல்லை. ஏலத்துக்குக் கொண்டுபோனால் மற்றதோடு கலந்து தரம் கெடும் என்று அம்மா தனியாகக் கட்டி வைத்தார். இப்போது சாயங்காலமானால் திண்ணையில் உட்கார்ந்து அதில் கொட்டையை எடுத்து விளக்குத் திரி திரித்துக் கொண்டிருக்கிறார்.